மாப்பிள்ளை அனுப்பிய ஒட்டு

மிர்ராபூல்,
நியூ சவுத் வேல்ஸ் – குயின்ஸ்லாந்து எல்லை.
செவ்வாய்க்கிழமை. (மணி மட்டும் கேட்காதீர்கள்.)

அன்பும் பண்பும் யூனிக்ஸ் ஞானமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற மாப்பிள்ளை ஆரிஸ் கலோஹெராஸ் அவர்களுக்கு, மாமனார் ஹெக்டர் ட்ரான்ட்டர் எழுதிக்கொண்டது.

இப்பவும், இங்கே நானும் உங்கள் மாமியார் தெல்மாவும் சற்று ஈரமாக இருந்தாலும் சுகமே. அங்கே சிட்னியில் நீங்களும் என் மகள் ராஸ்லினும் காய்ந்த நிலையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தாயார் அனுப்பிய ஆலிவ் ஜாடி கிடைத்தது. தெல்மா அதைத் திராட்சை என்று நினைத்து கேக்கில் போட்டுவிட்டாள். தின்றவர்கள் இன்னும் எங்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் தாயாருக்கு என் நன்றியைச் சொல்லவும். உங்களுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை. வேறு சில சொற்கள் இருக்கின்றன. அவற்றை மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக மென்று விழுங்கிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் பல்கலைக்கழகம் வேண்டாமென்று வெளியே வைத்த அந்த யூனிக்ஸ் கணினிப் பெட்டியை நீங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் பந்துருட்டு கிளப்பின் அலுவலறையில் இறக்கியபோது, கிளப் தலைவர் என்ற முறையில் முதலில் கைதட்டியவன் நான். அந்தக் கைகளை இப்போது வெறுப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் நியாயம் பேசவேண்டும்: பெட்டி பாவம், உழைத்தது. சுவர்க் கடிகாரத்துக்கு நேரம் சொன்னது. சாயங்காலம் ஐந்து அடித்தால் புல்தரைக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்களைத் திறந்தது. ஐந்திலிருந்து ஆறுவரை பாரில் பீரை அரை விலைக்கு இறக்கியது. ஞாயிறானால் ஏழு மணிக்கு பாரின் இரும்புத் திரையை மூடி ஜனங்களை வீட்டுக்கு அனுப்பியது. எல்லாம் கடிகாரத்தை நம்பித்தான். வாயில்லாப் பிராணி, அது பாட்டுக்கு மூலையில் முனகிக்கொண்டு கிடந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது யார் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

ஒலிம்பிக் வருகிறது என்று அரசாங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கமாக அக்டோபர் கடைசியில் ஒரு மணி முன்னே தள்ளும் கடிகாரத்தை இந்த வருஷம் ஆகஸ்ட் கடைசி ஞாயிறே தள்ளச் சொல்லிவிட்டார்கள். குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு கோடை நேரத்தை வரவேற்ற ஒரே ஜனம் நாங்கள்தான். ஆற்றுக்கு அக்கரையில் குயின்ஸ்லாந்துக்காரர்கள் எந்தக் காலத்திலும் கடிகாரத்தைத் தொடமாட்டார்கள். தொட்டால் வெயில் அதிகமாகித் திரைச்சீலை வெளுத்துவிடும், மாடு பால் சுரக்காது என்று நம்புகிற கூட்டம். ஆக, அந்த ஞாயிறிலிருந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் மூன்று மணி என்றால் அந்தப் பக்கம் இரண்டு. உங்கள் பெட்டிக்கு மட்டும் இந்தச் சேதியை யாரும் சொல்லவில்லை.

அதே ஞாயிறுதான் எங்களுக்கும் அக்கரை கிளப்புக்கும் ஆட்டம். வருஷா வருஷம் நடக்கிற ஆட்டம்தான். ஆனால் இந்த வருஷம் அதன் மேல் கத்தி தொங்கியது. இரண்டு கிளப்பிலும் ஆள் குறைந்துபோச்சு, இரண்டையும் ஒன்றாக்குங்கள், ஜெயித்தவன் புல்தரை நிற்கட்டும், தோற்றவன் தரையில் தார் போட்டுக் கார் நிறுத்துங்கள் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எங்களுக்கு அது பழமொழி இல்லை, கண்ணால் காணும் உண்மை. அவர்கள் புல்தரை பில்லியர்ட்ஸ் மேஜை; எங்களுடையது பல்லி முதுகு. ஆனாலும் என் கல்யாண விருந்து நடந்த புல் அது. என் அண்ணன் ராயின் சாம்பலைத் தூவிய புல். அதன்மேல் எவனோ காரை நிறுத்தி எண்ணெய் சொட்டவிடுவதை நினைத்தால் எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. தெல்மாவைக் கேளுங்கள், இரண்டாம் தடவை போட்டுக்கொள்வதையே விட்டுவிட்டேன்.

அப்போதுதான் எங்கள் செயலாளர் பெரில் ஹக்ஸ்லி அம்மாள், விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள், என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"தலைவரே, ஆட்டம் ரெண்டு மணிக்கு. அழைக்கிற கிளப்போட சுவர்க் கடிகாரம்தான் கணக்கு. அரை மணிக்குள்ள தரையில வந்து நிக்காத அணி தோத்த அணி. விதி."

"அதுக்கு?"

"அக்கரைக்காரங்க கடிகாரத்தைத் தொடமாட்டாங்க. அவங்க ரெண்டுன்னு நெனச்சு வரும்போது நம்ம கடிகாரத்துல மூணு. பந்தைத் தொடாமலே ஜெயிச்சிடலாம்."

"அம்மா, அது அழுகுணி ஆட்டம் இல்லையா?"

"ஆட்டமே நடக்கலையே தலைவரே, அப்புறம் எங்க அழுகுணி?"

இப்படிப்பட்ட மூளையை இந்த ஊரில் பந்துருட்ட விட்டுவைத்திருக்கிறார்கள். நான் உடனே உங்களுக்குப் போன் போட்டு, "கடிகாரம் சுத்தமா ஓடணும் மாப்பிள்ளை, உண்மைன்னு ஒண்ணு இருக்கே" என்று பாதிரியார் குரலில் பேசினேன். நீங்களும் நெகிழ்ந்துபோய், பெட்டிக்குப் புது நேரத்தைச் சொல்லிக்கொடுக்கும் 'ஒட்டு' என்ற சின்ன நிரலை ஒரு கணினி வட்டில் போட்டு, கூடவே ஒரு கடிதமும் அனுப்பினீர்கள். அந்தக் கடிதத்தின் முதல் வரி இப்போது என் கண் முன்னால் இருக்கிறது: 'சின்ன வேலைதான் மாமா.' மாப்பிள்ளை, பல் பிடுங்குகிறவனும் இப்படித்தான் ஆரம்பிப்பான்.

இரண்டாவது வரி, 'முதலில் ரூட் ஆகிக்கொள்ளுங்கள்.' நம் நாட்டில் அந்தச் சொல்லுக்குத் தெருவில் படுக்கையறை சமாச்சாரம் என்று அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், கடிதத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்த தெல்மாவுக்கும் தெரியும். "இந்த வயசுல இவருக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். அது பெட்டிக்குள் சகல அதிகாரமும் உள்ள ஆளின் பெயர் என்று நான் கண்டுபிடிப்பதற்குள் எங்கள் வீட்டில் அந்தச் சகல அதிகாரமும் யாரிடம் இருக்கிறது என்பது தெளிவாகிவிட்டது.

சரி, ரூட் ஆனேன். ஒட்டுப் போடும் கட்டளையை நீங்கள் எழுதியபடி எழுத்துப் பிசகாமல் தட்டினேன். பெட்டி என்னைப் பார்த்து, 'எந்தக் கோப்புக்கு ஒட்டு?' என்று கேட்டது. கிழிந்த சட்டையைக் கொடுத்தால் தையல்காரன் எந்தச் சட்டை என்றா கேட்பான்? 'கடிகாரக் கோப்பு, தயவுசெய்து' என்று மரியாதையாகவே தட்டினேன். அப்படி ஒன்றுமில்லை என்றது. 'சுவரில் இருப்பது' என்றேன். அதுவும் இல்லை என்றது. 'போடா' என்றேன். அதற்கும் அதே பதில், கோபமில்லாமல். மனைவியோடு வாழ்ந்தவனுக்குத் தெரியும், கோபமில்லாமல் வரும் பதில்தான் ஆளைக் கொல்லும்.

உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் மீன் பிடிக்கப் போயிருப்பதாக ராஸ்லின் சொன்னாள். "அவரு சொல்லியிருக்காருப்பா, சந்தேகம் வந்தா உலக யூனிக்ஸ் உதவிக் குழுவில கேளுங்கன்னு. நல்லவங்கப்பா எல்லாரும்." மகள் சொல்லைத் தட்டாதவன் நான். பெட்டியின் தொலைபேசிக் கம்பி வழியாக அந்தக் குழுவுக்கு எழுதினேன்: 'ஐயாமார்களே, அம்மாமார்களே, நான் ஒரு பந்துருட்டு கிளப்பின் தலைவர். என் மாப்பிள்ளை ஒரு ஒட்டு அனுப்பியுள்ளார். அது ஒட்டமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?'

நல்லவர்கள் பதில் போட்டார்கள் மாப்பிள்ளை. முதல் நல்லவர், 'கையேட்டைப் படி' என்றார். படித்தேன். படித்து முடித்தபோது எனக்குத் தெரியாத விஷயங்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. நார்வேக்காரர் ஒருவர், 'உங்களுடையது எந்த வகை?' என்று கேட்டார். 'பழுப்பு நிறம், பக்கவாட்டில் சிராய்ப்பு' என்று எழுதினேன். கனடாவிலிருந்து ஒருவர், அந்தப் பெட்டியை வைத்திருப்பதே பாவம், தூக்கிப் போட்டுவிட்டு வேறு யூனிக்ஸ் வாங்கு என்றார். அது எப்படிப் பாவமாகும் என்று இன்னொருவர் அவர் மேல் பாய்ந்தார். கோப்பைத் திருத்த எந்த மென்பொருள் உத்தமம் என்று மூன்றாமவர் நடுவில் புகுந்தார். அப்புறம் நடந்ததை என்னத்தைச் சொல்ல. தேர்தல் சமயத்துக் குழாயடி மாதிரி ஆகிவிட்டது. ஒருவன் இன்னொருவனை சர்வாதிகாரி என்றான், அவன் இவனுடைய பல்கலைக்கழகத்தையே கேலி செய்தான், கேள்வியை நான் கேட்டவிதமே தப்பு என்று ஒருத்தர் நாலு பக்கம் எழுதினார். என் ஒட்டை எல்லாரும் மறந்தே போனார்கள். ஒரே ஒரு புண்ணியவான், ஃபின்லாந்தோ என்னமோ, இரண்டே வரி எழுதினார்: 'வேறு அறையில் நின்று கொண்டிருக்கிறீர்கள். கோப்பு இருக்கிற அடைவுக்குப் போய்த் தட்டுங்கள். எதற்கும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.' அவர் பெண்டாட்டி பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். நான் உங்கள் கடிதத்தைக் கையால் அழகாக நகலெடுத்துப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, அடைவு மாறிப் போய்த் தட்டினேன்.

ஒட்டிவிட்டது! 'பன்னிரண்டு வரி தள்ளி ஒட்டியிருக்கிறேன்' என்று ஒரு அடிக்குறிப்பும் சொன்னது. கிழிசல் முழங்காலில் இருக்க, தொடையில் ஒட்டுப்போட்ட கதையாயிற்றே. சரியாகத்தான் ஒட்டியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். பெட்டி சொன்னது: 'இது முன்பே போட்ட ஒட்டு போலிருக்கிறதே, கழற்றிவிடட்டுமா?'

என் நிலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்? தெல்மா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னவாம் அதுக்கு?"

"கழட்டட்டுமான்னு கேக்குது."

"இவ்ளோ மரியாதையா கேக்குதுல்ல? ஆமான்னு சொல்லிட்டுப் போங்களேன். உங்க வீட்டாளுங்க யாராவது என்னை இப்படிக் கேட்டிருக்காங்களா?"

ஆமாம் என்றேன். கழற்றிவிட்டது. பதறிப்போய் மறுபடி போட்டேன், ஒட்டியது. ஒட்டியதா என்று பார்க்க மறுபடி போட்டேன், கழற்றட்டுமா என்றது. பழக்கதோஷம், ஆமாம் என்றேன். நடுவில் தொலைபேசி மணி அடித்தது, யாரோ தவறான எண். திரும்பி வந்தால் கடைசியாகப் போட்டேனா கழற்றினேனா என்பது மறந்துபோச்சு. மாப்பிள்ளை, உலகத்தில் எந்த வைத்தியனும் நோயாளியிடம் 'உனக்கு ஊசி போட்டேனா, பிடுங்கினேனா?' என்று கேட்டதில்லை. நான் கேட்டேன். பெட்டி முனகியது, அவ்வளவுதான். கடைசியாக ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு போட்டு, வந்த கேள்விக்கு 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அதாவது, பின்னால் தெரிந்தது, ஒட்டு இருந்தது. பெட்டி புது நேரத்துக்கு மாறத் தயாராகச் சமர்த்தாக இருந்தது. அத்தோடு விட்டிருந்தால் இன்றைக்கு நான் உங்கள் மாமியார் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டு உங்களைப் புகழ்ந்து எழுதியிருப்பேன்.

சனிக்கிழமை படுக்கப் போகும் முன் தெல்மா என் கைக்கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருக்கிறாள். நல்ல பெண்டாட்டி. ஆனால் சொல்லவேண்டாமா? ஞாயிறு காலையில் எழுந்து நானும் ஒரு மணி தள்ளினேன். கிளப்புக்குப் போய்ப் பார்த்தால் சுவர்க் கடிகாரம் என் கடிகாரத்துக்கு ஒரு மணி பின்னால் நிற்கிறது. பார்த்தீர்களா, ஒட்டு இல்லை, கழன்றுவிட்டது என்று முடிவு கட்டி, பெட்டியின் நேரத்தைக் கையாலேயே ஒரு மணி முன்னே தள்ளினேன். அது ராத்திரி சிட்னிக்குப் போன் போட்டு உண்மையான நேரத்தைக் கேட்டுக்கொள்ளும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. எதற்கு வம்பு என்று தொலைபேசிக் கம்பியையும் பிடுங்கிவிட்டேன். இப்போது உலகத்திலேயே இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போயின: ஒன்று என்னுடையது, இன்னொன்று உங்கள் பெட்டியினுடையது. இரண்டும் தப்பு.

இரண்டு மணிக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பியோடு தரையில் போய் நின்றேன். ஒரு ஈ காக்காய் இல்லை. எதிரணி வராதது சரி. என் அணி எங்கே? பந்தைத் துணியால் துடைத்தேன். தொப்பியைக் கழற்றி மாட்டினேன். ராயோடு கொஞ்சம் பேசினேன். சுவரில் இரண்டரை தாண்டி, கால் மணிக்கும் மேல் ஆனபிறகு என் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு, கையில் சாசேஜ் ரொட்டியோடு சாவகாசமாக வருகிறார்கள். பெரில் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"தலைவரே, இது என்ன மணி?"

"கிளப் மணி."

"அப்படின்னா நம்ம அணி வரலை. அரை மணி தாண்டிடுச்சு. விதிப்படி நாம தோத்தாச்சு."

"உன் விதியத் தூக்கிப் போடு!"

"நான் எழுதின விதி தலைவரே. என்னாலயே மீற முடியாது."

அழுதேவிட்டாள் பாவம். அக்கரைக்காரர்கள் அவர்களுடைய இரண்டு மணிக்கு, அதாவது எங்கள் ஊரில் மூன்று, உங்கள் பெட்டியில் நான்கு, பாலத்தைக் கடந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் தலைவன் நோயல் க்ரோகன் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் சாப்பாட்டைத் தின்றவன். விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைத் தூக்கி மண்டையைச் சொறிந்தான்.

"டேய் ஹெக்டர், இரு. நாங்க லேட்டு, அதனால தோத்துட்டோம்."

"ஆமா."

"நீங்களும் லேட்டு, அதனால தோத்துட்டீங்க."

"ஆமா."

"அப்ப ஜெயிச்சது யாரு, உங்க ரூம்ல முனகிட்டிருக்கே அந்தப் பொட்டியா?"

"என் மாப்பிள்ளைன்னு வச்சுக்க."

"அந்த கிரேக்கப் பையனா? நல்ல பையனாச்சேடா. வா, அவன் ஜெயிச்சது இருக்கட்டும், நாம ஆடுவோம்."

அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாக இருந்தது மாப்பிள்ளை. அவனை ஆடாமல் தோற்கடிக்கத்தானே இத்தனை ஒட்டும் வெட்டும். அவனோ என் தோளில் கைபோட்டுக்கொண்டு தரைக்கு நடந்தான். ஆடினோம். நன்றாகவே ஆடினோம். பல்லி முதுகில் பந்து எப்படி வளையும் என்று எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கோ நேராக உருட்டத் தெரியும். இழுபறி. குறியாக வைக்கும் வெள்ளைக் குட்டிப் பந்தை ஒட்டினாற்போல நோயலின் பந்து ஒன்று, என்னுடையது ஒன்று, எது கிட்டே என்று நான் மண்டியிட்டு அளக்கப்போகிறேன், தலைக்கு மேல் சுவரில் ஐந்து அடித்தது.

நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீர். சாதாரணத் தண்ணீரா அது, ஆகஸ்ட் மாசத்து ஆற்றுத் தண்ணீர். பெரில் அம்மாள் விதிப்புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். நோயல் வழுக்கி, தரையோரத்துப் பள்ளத்தில் உட்கார்ந்த வாக்கில் போய்ச் சேர்ந்தான். வெள்ளைச் சட்டை நனைந்தால் என்னென்ன தெரியும் என்பதை அன்றைக்கு இரு மாநில மக்களும் கண்ணாரக் கண்டார்கள். ஜனங்கள் பாருக்குள் புகுந்தார்கள். அங்கே அரை விலை ஆரம்பித்திருந்ததால் யாரும் அதிகம் முறையிடவில்லை. நான் மட்டும் அலுவலறைக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்தது ஒரே கட்டளை. தட்டினேன். 'முன்பே போட்ட ஒட்டு போலிருக்கிறதே; கழற்றிவிடட்டுமா?' கழற்றித் தொலை என்றேன். பெட்டியை அணைத்து மறுபடி போட்டேன். தண்ணீர் நின்றது. கடிகாரம் ஒரு மணி பின்னே போயிற்று. வெளியே ஆரவாரம். ஒரு வினாடி நான் ரூட் என்று உடம்பெல்லாம் உணர்ந்தேன்.

ஆரவாரம் சட்டென்று நின்றது. பாரிலிருந்து நோயலின் குரல்: "எவன்டா விலையை ஏத்தினது?" மணி நான்காகிவிட்டதால் அரை விலை போய்விட்டது. வேறு வழியில்லாமல் உடம்பைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆட வந்தார்கள். நானும் பெருமையாக வந்தேன். நான் யோசிக்காதது என்ன? நான்குக்கு அப்புறம் ஐந்து வரும்! சரியாக நோயல் கடைசிப் பந்தைக் கையிலெடுத்துக் குனிந்த நேரம், அன்றைய தினத்தின் இரண்டாவது ஐந்து மணி அடித்தது. இந்தத் தடவை யாரும் ஓடக்கூட இல்லை. நனைந்ததே நனைவோம் என்று நின்று, அந்த வெள்ளைக் குட்டிப் பந்து தண்ணீரில் மிதந்து போவதைத் தொப்பியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் எல்லாரும் பாரில்தான். அரை விலை திரும்பிவிட்டது அல்லவா. தெல்மா வீட்டிலிருந்து கம்பளியும் பூசணி போட்டுச் சுட்ட ஸ்கோன் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள். ஆறு அடித்து விலை ஏறியதும் ஒருத்தன் கத்தினான், "ஹெக்டரு, அந்த ஒட்டை இன்னொரு வாட்டி கழட்டுப்பா!" அவ்வளவுதான், இரு மாநிலமும் ஒரே குரலில், "கழட்டு! கழட்டு!" தலைவன் என்ற முறையில் மக்கள் குரலுக்குச் செவிசாய்த்துக் கட்டளையைத் தட்டினேன். ஏற்கெனவே கழற்றியதைக் கழற்ற முடியாதே, பெட்டி ஒட்டைப் போட்டுவிட்டது. கடிகாரம் ஏழுக்குப் பாய்ந்தது. இரும்புத் திரை கடகடவென்று இறங்கியது. நோயலின் கிளாஸ் அந்தப் பக்கம், நோயல் இந்தப் பக்கம். பெரிய மனுஷன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுபடி கழற்றினேன், திரை ஏறியது. அப்புறம் ஒட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கையாலேயே மணியை ஐந்து தாண்டி வைத்தேன். ஆறு நெருங்கினால் யாராவது "தலைவரே" என்பார்கள். நான் எழுந்து போய் வைத்துவிட்டு வருவேன். ராஸ்லின் கல்யாணத்தில்கூட என்னை இவ்வளவு பேர் கட்டிப்பிடித்ததில்லை.

அந்த நீண்ட ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில்தான் நோயல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெரிலின் விதி, கடிகாரம், ஆடாமல் ஜெயிக்கும் திட்டம், ராய், தார். அவன் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே கேட்டான்.

"இந்தத் தரையில ஆடறதுன்னா உனக்கு நெஜமாவே பிடிக்குமாடா?"

"ஆட்டமா? ஆடறதுக்கு நரகம். உங்க தரைதான் தரை."

"எங்க பார் எப்படின்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஆஸ்பத்திரி வராந்தா."

"அப்ப இதுல சண்டை என்னடா இருக்கு? ஆடறது அங்க. குடிக்கிறது இங்க."

மாப்பிள்ளை, மேலிடத்தில் வருஷக்கணக்காகக் கூட்டம் போட்டுப் பேசியவர்களுக்குத் தோன்றாத யோசனை. காலையில் அவர்கள் தரையில் ஆடிவிட்டு, பாலத்தைக் கடந்து எங்கள் பாருக்கு வருவதென்றும், எங்கள் தரையில் யாரும் தார் போடுவதில்லை என்றும் பெரில் அம்மாள் அங்கேயே விதி எழுதிக் கையெழுத்து வாங்கினாள். இரண்டு தடவை வெள்ளம் பார்த்த எங்கள் புல்தரையில் நேற்றே வாத்துகள் வந்து இறங்கிவிட்டன. ராய்க்கு வாத்து என்றால் உயிர். நான் நேற்று கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டு வந்தேன்.

ஆனால் இதையெல்லாம் சொன்னதால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். ஒட்டு இப்போது இருக்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. கடவுளுக்கும் தெரியாது, அவர் ரூட் இல்லை. ஊரில் யாருக்கும் சரியான மணி தெரியவில்லை. பாதிரியார் திங்கட்கிழமை பிரசங்கம் செய்ய வந்தார். ஆகவே நான் கண்டிப்பாகத் தெரிவிப்பது: இனி இந்த விலாசத்துக்கு எந்த ஒட்டும், சிறியதோ பெரியதோ, எந்த ரூபத்திலும் வரக்கூடாது. அடுத்த வாரமே நீங்கள் வண்டியோடு வந்து அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். சுவரில் சாவி கொடுக்கும் கடிகாரம் மாட்டிக்கொள்கிறோம். யூனிக்ஸ் என்ற சொல்லை என் முன்னால் உச்சரிக்கக்கூடாது. இது மாமனாரின் இறுதி வார்த்தை.

மற்றபடி, குளிருக்கு இதமாக உடுத்திக்கொள்ளவும். ராஸ்லினை மீன் நாற்றத்தோடு கட்டிப்பிடிக்கவேண்டாம். வீடும் வாசலும் வேலையும் வெற்றியும் குறைவில்லாமல், உங்கள் கடிகாரங்கள் எல்லாம் ஒரே மணி காட்டி, நீங்கள் இருவரும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்
ஹெக்டர் ட்ரான்ட்டர்
(தலைவர், மிர்ராபூல் இருகரைப் பந்துருட்டு கிளப்)

பின்குறிப்பு: உறையை ஒட்டியபிறகு நோயல் வந்து கதவைத் தட்டியதால் மறுபடி பிரிக்கவேண்டியதாயிற்று. அவனுடைய பாரிலும் உங்கள் பெட்டிக்குத் தம்பி மாதிரி ஒன்று இருக்கிறதாம், இத்தனை நாள் எனக்குச் சொல்லவே இல்லை திருடன். இரு கரைக் கூட்டமும் எங்கள் பாரிலேயே கிடந்து அவர்கள் பார் காலியாக இருப்பதைப் பார்த்து அவன் பெண்சாதி ரகளை செய்கிறாளாம். இந்தப் பக்கத்திலேயே யூனிக்ஸ் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று ஊரே சொல்கிறதாம், மறுக்க முடியுமா? தேநீர்க் குடுவையைக் கட்டச் சொல்லிவிட்டேன், மத்தியானம் கிளம்புகிறேன். ஆகவே பெட்டியை எடுக்க வரவேண்டாம். வந்தால் ஜனங்கள் உங்களைப் பாலத்தில் நிறுத்திவிடுவார்கள். கண்டவுடன் ஒரு ஒட்டு அனுப்பவும். எந்த ஒட்டானாலும் பரவாயில்லை. அவர்கள் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது. அதுதான் அவர்கள் புகாரே.